தவலையில் பிறந்த மைக் செட்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில், சங்கரன்கோவிலில் ஒரே ஒரு சொத்தைப் பல்லுக்கு ஊர் முழுவதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. பல்லுக்குச் சொந்தக்காரர் குருசாமி. அந்த வருஷப் பொதுத் தேர்தலில் எந்தக் கட்சியின் துணையும் இல்லாமல் தனியாக நின்றவர். ரத வீதியில் மேடை போட்டு, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று மைக்கின் முன்னால் வாயைத் திறந்தார். 'தாய்மார்களே' முடிவதற்குள் கூட்டத்தின் இடது கைகளெல்லாம் இடது கன்னத்துக்குப் போய்விட்டன. வெற்றிலைக் கடையில் நின்றவருக்கு வலித்தது. தெருக்கோடியில் வாழைக்காய் விற்றுக்கொண்டிருந்த, வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லாத கிழவிக்கும் வலித்தது. அவள் அதை ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கடைகளில் கிராம்பு தீர்ந்துவிட்டது. கூட்டம் கண்ணீர் விட்டதைப் பார்த்தவர்கள், குருசாமிக்கு இவ்வளவு ஆதரவா என்று மலைத்தார்கள். ஆதரவு இருந்தது, பல்லுக்கு. மறுநாள் பல்லைப் பிடுங்கியதும் அதுவும் போய்விட்டது. தேர்தலில் தோற்றார்.

குற்றம் பல்லின் மேல் இல்லை. மைக் செட்டின் மேல். அதைச் செய்தவர் பெத்துராஜ். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முன்பக்கம் ரேடியோ ரிப்பேர் கடையும் பின்பக்கம் வீடுமாக இருந்தவர். யுத்தத்தில் ராணுவ சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு நாற்பத்தாறில் ஊர் திரும்பினார். பர்மா எல்லையில் வருஷக்கணக்காகக் கம்பி வழியாகவே பேசிப் பழகியதாலோ என்னவோ, நேரில் ஆளைப் பார்த்தால் அவருக்கு வார்த்தை வராது. சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்து நின்று, அங்கிருந்து ஊரை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

ஊர் திரும்பியதும் மற்றவர்களைப்போல அவரும் ஒரு சாதாரண மைக் செட் செய்து கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார். சாதாரண செட்டில் ஒரு வால்வு, அதாவது பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குழல், பெருக்கிய சத்தத்தை அடுத்த வால்வு வாங்கும் இடத்தில் நடுவே ஒரு கண்டன்சர் நிற்கும். கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற பெரியப்பாவைப்போல. ஆடி அசைந்து வருகிற சத்தத்தை உள்ளே விடும். அசையாமல் நிற்கிற மின்சாரத்தை 'நீ இங்கனயே நில்லு' என்று வெளியே நிறுத்திவிடும். மெழுகில் தோய்த்த காகிதத்தால் செய்த பண்டம் அது. சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் மனுஷனே உருகும்போது மெழுகு என்ன செய்யும்? கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம். கண்டன்சர் 'டப்' என்று வெடித்தது. கெட்டி மேளம் தவளைச் சத்தமாக மாறியது. மாப்பிள்ளை தாலியோடு மணையை விட்டுத் துள்ளிக் குதித்தார். சகுனம் சரியில்லை என்று பெண் வீட்டார் ஆரம்பித்தார்கள். அதைச் சமாதானம் பண்ணி முடிப்பதற்குள் பெத்துராஜ் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். இனிமேல் நடுவில் யாரும் வேண்டாம். வால்வும் வால்வும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளட்டும்.

சொல்வது லேசு. பெரியப்பாவை வாசலிலிருந்து எடுத்துவிட்டால், முதல் வால்வில் நிற்கிற நூறு வோல்ட்டும் அப்படியே இரண்டாவது வால்வின் தலையில் இறங்கும். அது சிவந்து, பழுத்து, செத்துப்போகும். சாகாமலிருக்க ஒரே வழிதான் உண்டு. இரண்டாவது வால்வின் காலையும் தூக்கி அந்த நூறு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே வைத்துவிட வேண்டும். அதாவது எதிராளி ஏறி நிற்கிற உயரத்துக்குத் தானும் ஏறி நின்றால்தான் நேர்ப் பேச்சு நடக்கும். அப்படி ஏற்றி வைப்பதற்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். பெத்துராஜ் கையாலேயே கம்பி சுற்றினார். அப்புறம் பார்த்தால் வேறொரு சங்கடம். முதல் வால்வு நிதானப் புத்தி, சூடேற நேரமெடுக்கும், இரண்டாவது அவசரக்காரன். அவன் முந்திக்கொண்டால் சிவந்துவிடுகிறான். ஆகவே இரண்டு சுவிட்ச் வைத்தார். முதல் சுவிட்சைப் போட வேண்டும். ஒரு டம்ளர் காப்பியை ஆற்றிக் குடிக்க வேண்டும். குடித்து முடித்த பிறகு இரண்டாவது சுவிட்ச். இந்தக் காப்பியும் செட்டின் ஓர் உறுப்பு என்பதை அப்போது அவர் அறியவில்லை.

கடைசியாக, இதையெல்லாம் பூட்டி வைக்க ஓர் உலோகத் தட்டு வேண்டியிருந்தது. தகரம் இரையும். இரும்பு கிடைக்கவில்லை. செம்பு இருந்தால் ராஜா. செம்பு எங்கே இருந்தது? அடுப்படியில் இருந்தது. அவர் மனைவி ஞானபூரணத்துக்குக் கல்யாணச் சீராக வந்த தவலை, அவள் அப்பா தூத்துக்குடியிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்தது, கழுத்தில் 'ஞா.பூ.' என்று பெயர் வெட்டியது. வெந்நீர் போடவும் குடிநீர் பிடித்து வைக்கவும் வீட்டில் வேறு பாத்திரங்கள் உண்டுதான். ஆனால் பெயர் வெட்டிய பாத்திரம் என்பது பாத்திரம் அல்ல, ஓர் ஆள். கேட்டால் கொடுக்கமாட்டாள் என்று பெத்துராஜுக்குத் தெரியும், தெரிந்ததால் கேட்கவில்லை. நாற்பத்தொன்பதில் ஒரு நாள், அவள் கோயிலுக்கு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த மத்தியானத்தில், தவலையை வெட்டி, தட்டி, நிமிர்த்தி, வால்வுக்கு ஓட்டை போட்டுவிட்டார். அவள் திரும்பி வந்தபோது தவலை பலகையாகப் படுத்திருந்தது. இரண்டாவது வால்வுக்குக் கீழே 'ஞா.பூ.' மட்டும் அழியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவரோடு பேசவே இல்லை.

அந்தப் பக்கத்தில் கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி பேசமாட்டார்கள்; ஆனால் சொல்லுவார்கள். நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் அகப்படாவிட்டால் தூணிடம், ஆட்டுக்குட்டியிடம், அம்மிக்கல்லிடம் சொல்லுவார்கள். இந்த வீட்டுக்கு ஆள் அகப்பட்டது. ஞானபூரணத்தின் அண்ணன் தங்கப்பழம், அடுத்த கட்டிடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கடையை அடைத்துவிட்டு வந்து, இருவருக்கும் நடுவில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"அண்ணே, ரசம் ஊத்தணுமான்னு அவுககிட்ட கேளு."

"மாப்ள, ரசம் ஊத்தணுமான்னு கேக்கா."

"ஊத்தச் சொல்லும் மச்சான்."

"ஊத்துட்டி, ஊத்து. அப்படியே எனக்கும் ஒரு கரண்டி."

மூன்று பேரும் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தார்கள். இப்படி ஒரு வருஷம் போயிற்று. இரண்டு வருஷம் போயிற்று. தங்கப்பழத்துக்குத் தொந்தி விழுந்தது. அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் காதுக்கு ஒரு குணம் உண்டு. காரமான வார்த்தை அதில் சட்டென்று ஏறி சட்டென்று அடுத்த பக்கம் இறங்கிவிடும். மெதுவான வார்த்தை அங்கேயே தங்கிவிடும். "அவுகளுக்கு இருமலா இருக்கே, சுக்கு தட்டிப் போடவா?" என்று அவள் கேட்டால், "மாப்ள, ராத்திரியெல்லாம் இருமி ஆளத் தூங்க விடமாட்டேங்கீயளாம்" என்று போய்ச் சேரும். கெட்ட எண்ணம் கிடையாது. கண்டன்சருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

பேச்சு நின்றதே தவிர, இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் காப்பி நிற்கவில்லை. அவர் முதல் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து டம்ளர் வந்து பலகையில் 'டக்' என்று உட்காரும். டம்ளர் பேசினது அவ்வளவுதான்.

செட்டு பாடியது, ஆனால் கூடவே இரைந்தது. வண்டு புகுந்த காதுபோல ராத்திரி பகலாக ஒரு 'ம்ம்ம்'. பெத்துராஜ் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, எர்த் கம்பியை இறக்கி, கரியும் உப்பும் கொட்டினார். இரைந்தது. தண்ணீர் ஊற்றினார். இரைந்தது. ஜெபம் பண்ண முடியாமல், கண் மூட முடியாமல், ஞானபூரணம் அடுத்த வீட்டு முத்துமாரியம்மாளிடம் போய் உட்கார்ந்து புலம்பினாள்.

சங்கரன்கோவிலில் எது அரித்தாலும், எது வீங்கினாலும், எது கடித்தாலும் மருந்து ஒன்றுதான்: கோவில் புற்று மண். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும் ஒரு தகர டப்பாவில் அது இருக்கும். முத்துமாரியம்மாளுக்கு நோய் புரிந்துவிட்டது. "இரையுதுன்னா பூச்சிக்கடிதான் ஏட்டி. மண்ண எடுத்துப் பூசிவிடு."

"மிஷினுக்கா? தொட்டா கரண்டு அடிச்சிரும்க்கா."

"மேல எதுக்குத் தொடுத? காலுல பூசு. அதுக்குக் காலு எங்கன இருக்கு?"

கால் பின்னால் குழியில் இருந்தது. ஞானபூரணம் ஒருவருக்கும் தெரியாமல் டப்பாவைக் குழியில் கவிழ்த்தாள். இரைச்சல் அந்தக் கணமே நின்றது. அந்த நேரத்தில் பெத்துராஜ் ஒரு திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். ஆகவே நிறுத்தியது திருகாணிதான் என்று முடிவு செய்து, பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் அதைக் காட்டினார். பல பேர் தொட்டுப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்துதான் அந்த செட் எதையும் தடுக்காமல் விட ஆரம்பித்தது. மற்ற செட்டுகளில் குரல் மட்டும் வரும். குரலுக்கு அடியில் அசையாமல் நிற்கிற பசி, வலி, தூக்கம், ஏக்கமெல்லாம் கண்டன்சரில் நின்றுவிடும். இதில் நிறுத்த ஆள் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் ஒன்று கேட்கலாம்: கடைசியில் குழாய் ஸ்பீக்கருக்குப் போகிற இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்குமே, அசையாததை அது தடுத்துவிடுமே? தடுக்க வேண்டும்தான். தடுக்கவில்லை. மதுரையிலிருந்து ஓர் இன்ஜினியர் இதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார், பூட்டினார், மைக்கில் தாமே ஒரு வார்த்தை பேசிப் பார்த்தார். உடனே தெருவிலிருந்த அத்தனை பேருக்கும் மதுரைக்குத் திரும்பிப் போக வேண்டும் போலிருந்தது. மதுரையைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட மூட்டை கட்டினார்கள். அவர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. குருசாமியின் பல்லுக்குப் பிறகு, மைக் பிடிக்கிறவரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வயிறு நிறையச் சாப்பாடு போட்ட பிறகுதான் மேடையேற்றினார்கள். மேலநீலிதநல்லூரில் பாகவதர் ஒருவர் ராத்திரி பஸ்ஸில் தூக்கம் கெட்டு வந்து கதை சொன்னதில், கேட்டவர்கள், கேட்காத மாடுகள், தெருநாய் எல்லாம் அப்படியே சாய்ந்து விடியும்வரை உறங்கின. பாகவதர் மட்டும் விழித்திருந்து கதையை முடித்தார். காணாமற்போன வெள்ளாட்டைப் பற்றி மைக்கில் சொன்ன ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவர் பாதியில் விக்கிவிட, தெருவே அழுதுகொண்டு கரிசல் காட்டுக்குள் ஓடியது. போனதைவிட மூன்று ஆடு கூடுதலாகத் திரும்பி வந்தது. ஆனி மாதப் புழுக்கத்தில் குற்றால அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நேரே வந்த ஒருவரைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் என்ன பேசினார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. பல பேருக்கு ஜலதோஷம் பிடித்தது.

ஒரே ஒரு மனிதர் மட்டும் அந்த மைக்கில் பேசவே இல்லை. அது பெத்துராஜ். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்வதுகூடத் தங்கப்பழம்தான். அவர் சொல்லும்போது ஊருக்கு லேசாக வயிறு நிரம்பினாற்போல் இருக்கும், ஒரு ஏப்பம் வரும், அவ்வளவுதான். "ஏன்வே, சொந்த மைக்குல நீரு பேசினா என்ன?" என்று கேட்டால் பெத்துராஜ் சிரித்து மழுப்பிவிடுவார். தனக்கு அடியில் அசையாமல் என்ன நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். அது ஊருக்குத் தெரிந்தால் பஸ் ஸ்டாண்டில் தலை காட்ட முடியாது.

அந்த வருஷம் ஆடித் தபசுக்கு ரத வீதியெல்லாம் குழாய் கட்ட பெத்துராஜையே கூப்பிட்டார்கள். மாவட்டமே வந்து குவிகிற அம்பாள் திருவிழா. அதற்குமேல் ஒரு மைக் செட்டுக்காரனுக்குப் பெருமை கிடையாது. தபசுக்கு முந்தின நாள் மத்தியானம், சந்தோஷமோ பயமோ, பெத்துராஜின் தொண்டையில் நின்றது கொஞ்சம் அசைந்தது. சோற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மச்சான், தவலையத் தட்டுனது என் தப்புதான்னு சொல்லும். அவ மொகத்தப் பாக்கதுக்குக் கூசுது." அப்புறம் கூச்சம் தாங்காமல் சத்தத்தைக் கூட்டினார். "அதுக்காக இப்படியா வருஷக்கணக்குல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கது? மனுஷன் இருக்கதா போறதா?"

ஞானபூரணம் அப்போது அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தங்கப்பழம் எழுந்து போய்ச் சேர்ப்பித்தார்.

"ஏட்டி ஞானம், இன்னும் எத்தன வருஷத்துக்கு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருப்பன்னு கேக்காரு. மனுஷன் இருக்கதா போறதாங்காரு."

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

தங்கப்பழம் யோசித்தார். முன்னால் ஏதோ மெதுவாகச் சொன்ன ஞாபகம் இருந்தது. என்னவென்று வரவில்லை. "இல்ல" என்றார்.

"அவுக எதுக்குப் போகணும்? நான் போறேன்" என்றாள் ஞானபூரணம். தூத்துக்குடியில் அக்கா வீடு இருந்தது. மறுநாள் காலையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு கோவில்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

தபசுக் காலை. தெருவெல்லாம் ஜனம். பெத்துராஜ் பலகையில் உட்கார்ந்து முதல் சுவிட்சைப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தார். டம்ளர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அடுப்படியில் சத்தமில்லை, புகையில்லை. அப்போதுதான் தங்கப்பழம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "மாப்ள! தங்கச்சி பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா! பஸ்ஸு பொறப்பட்டுட்டு! என்னத்தயாவது சொல்லும், நான் ஓடிப்போய்ச் சொல்லுதேன்!"

பெத்துராஜ் மச்சானின் காதைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார். முதல் வால்வு சூடேறிவிட்டதா இல்லையா என்று சொல்லக் காப்பி இல்லை. போனால் போகிறதென்று இரண்டாவது சுவிட்சையும் தட்டிவிட்டார். 'ஞா.பூ.'வுக்கு மேலே நின்ற வால்வு குங்குமமாய்ச் சிவந்தது. இன்னும் சில நிமிஷத்தில் அது செத்துவிடும். அதற்குள் சொல்லியாக வேண்டும். மைக்கைக் கிட்டத்தில் இழுத்தார். வாயைத் திறந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டை வரை வந்தது வழக்கம்போல நின்றது. கடைசியில் வெளியே வந்தது இவ்வளவுதான்:

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..."

ரத வீதிகளில் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ராஜபாளையத்திலிருந்து வந்தவர்கள், திருவேங்கடத்திலிருந்து வந்தவர்கள், ஞானபூரணம் என்ற பெயரை ஜென்மத்தில் கேட்டிராதவர்கள், எல்லோருக்கும் ஞானபூரணம் இல்லாமல் நெஞ்சு காலி டம்ளராகிவிட்டது. வளையல்காரர் வளையலைக் கீழே வைத்தார். பொரிகடலை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைத் தூக்கியபடியே விம்மினார். பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஞானபூரணத்துக்காக அழுத புருஷன்மார் பலருக்கு அன்றைக்கு அங்கேயே விசாரணை நடந்தது. விசாரித்த பெண்டாட்டிகளும் அழுதுகொண்டேதான் விசாரித்தார்கள்.

பஸ் அப்போது கழுகுமலை ரோட்டில் ஊர் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தது. சாதாரண நாளில் குழாய்ச் சத்தம் அங்கே எட்டாது. வால்வு சிவந்திருந்ததால் எட்டியது. கண்டக்டர் மைதீன் பாட்சா டிக்கெட் கிழித்த கையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவரண்ணாச்சி, வண்டியத் திருப்பும்."

"எதுக்குவே?"

"ஞானபூரணம்னு ஒரு அக்கா இல்லாம என்னால ஒரு அடி நகர முடியாது அண்ணாச்சி."

"எனக்கும் அப்படித்தான்வே நெஞ்ச அடைக்குது. யாருவே அது?"

"தெரியலயே!"

மூன்றாவது சீட்டில் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்திருந்தவள், "நாந்தான்" என்றாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கோவில்பட்டிக்குப் பருத்தி விலை பேசப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டார். ஞானபூரணத்துக்கே அப்போது ஞானபூரணம் இல்லாமல் என்னவோபோல் இருந்தது. அந்த மனுஷன் இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ரசம் குடித்தார் என்று நினைத்துக்கொண்டாள். டிரைவர் வண்டியை வயலுக்குள் இறக்கித் திருப்பினார்.

கடை வாசலில் அவள் இறங்கியபோது, அம்பாளைப் பார்க்க வந்த ஜனத்தில் பாதி அங்கே நின்றது. வழி விட்டார்கள். உள்ளே பெத்துராஜ் எழுந்து நின்றார். தங்கப்பழம் பழக்க தோஷத்தில் இருவருக்கும் நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "மாப்ள, தங்கச்சி வந்திருக்கா..."

"அண்ணே, நீ செத்த தள்ளி நில்லு."

தங்கப்பழம் தள்ளி நின்றார். சாக வேண்டிய வால்வு சாகவில்லை, மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"என் தவலையில கை வைக்கதுக்கு முன்னால, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?"

ஊர்மேல் மூன்று வருஷக் கோபம் ஒன்றாக இறங்கியது. ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும், தாங்கள் கேட்காமல் எடுத்ததெல்லாம் ஞாபகம் வந்து, தலையைக் குனிந்தார்கள். ஒருவர் அங்கேயே மடியிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுத்தார். பெண்களுக்கெல்லாம், பல வருஷமாகத் தேடிய ஒரு வார்த்தை வாயில் கிடைத்தாற்போல் இருந்தது.

"கேக்கல" என்றார் பெத்துராஜ். "கேக்காதது தப்புதான். நேத்து மச்சான்கிட்ட சொல்லிவிட்டேனே, சொல்லலயா?"

இருவரும் தங்கப்பழத்தைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

"உனக்கு வேணும்னா நாளைக்கே இதப் பிரிச்சு, மறுபடியும் தவலையா அடிச்சுத் தந்திருதேன்."

"அப்ப ஒங்க பேரு? இரைச்சல் இல்லாத செட்டுன்னு ஊரெல்லாம் திருகாணியக் காட்டுனீயளே?"

"போகட்டும். திருகாணி இருக்குல்லா, வேற செஞ்சிக்கிடலாம்."

"நிறுத்துனது திருகாணி இல்ல. புத்து மண்ணு. நாந்தான் குழியில போட்டேன்."

பெத்துராஜ் திருகாணியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. வெளியே ஊர் முழுக்க, எதற்கென்று தெரியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஞானபூரணம் சத்தம் கேட்டு வாசலைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள். "இதுக்கு மேல ஊருக்கு எதுக்கு?" என்று சொல்லி, கையை நீட்டி இரண்டு சுவிட்சையும் அணைத்தாள். வால்வின் சிவப்பு மெல்ல அடங்கியது. அவர்கள் அப்புறம் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தங்கப்பழத்துக்கும் தெரியாது, அவர் அன்றைக்குத் தம் கடையில் பொரிகடலை தின்று பசியாறினார்.

சாயங்காலம் தபசுக்கு அந்த செட்தான் பாடியது. இரண்டு வால்வுக்கும் நடுவில் எங்கிருந்தோ வாங்கி வந்த ஒரு கண்டன்சரைப் பெத்துராஜ் நிறுத்தியிருந்தார். சத்தம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் சப்பென்று இருப்பதாகக் கூட்டத்தில் பல பேர் குறைப்பட்டார்கள். திருவிழா முடிந்த மறுநாள், வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, பெத்துராஜ் செம்புத் தட்டைப் பாத்திரக்கார ஆசாரியிடம் கொண்டுபோனார். தவலையைப் பலகையாக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன், பலகையைத் தவலையாக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீர்தான் என்றார் ஆசாரி. ஆனாலும் வளைத்து, பற்றவைத்து, வால்வு ஓட்டைகளை ஈயத்தால் அடைத்துக் கொடுத்தார். முன்னைவிடக் கொஞ்சம் சிறுத்து, ஒரு பக்கம் சாய்ந்து, 'ஞா.பூ.' தலைகீழாக அடி விளிம்புக்கு வந்துவிட்டது. ஞானபூரணம் புளி போட்டு விளக்கி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, வாசலுக்கு நேரே வைத்தாள்.

முதலில் குடித்தவர் முத்துமாரியம்மாள். காரணமில்லாமல் அவருக்கு ஒரு வெட்கம் வந்தது. ஒரு வாரத்துக்குக் குறையவில்லை. அடுத்த மாதம் பெத்துராஜ் ஒரு கம்பளிச் சால்வையை ரயிலில் விட்டுவிட்டு வந்து ஞானபூரணத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று, தாகம் என்று வந்த தபால்காரர் ஒரு செம்பு குடித்துவிட்டு, அந்தத் தெருவுக்கான கடிதங்களையெல்லாம் உறுமிக்கொண்டே கொடுத்தார். தட்டு தவலையானதே தவிர, தடுக்கப் பழகவில்லை. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. அந்த வீட்டில் தண்ணீர் கேட்க வருகிறவர்கள், கேட்பதற்கு முன்னால் ஞானபூரணத்தின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். முகம் சரியில்லையென்றால், தாகம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பெத்துராஜ் மட்டும் முகம் பார்க்காமலே மொண்டு குடிப்பார்.